பப்லுவுக்குக் கீரனூர் வரை

அவன் கால் உங்களை இடிக்கிறதா சார்? இடித்தால் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். முழங்கால் மடங்காது, அதுதான் தொந்தரவு. நிற்பதற்காகவே செய்யப்பட்டவன். புதுக்கோட்டை வரை உங்கள் இடம் காலியாக இருந்ததால் அதில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தேன். நீங்கள் உட்காருங்கள். டிக்கெட் எடுத்து ஏறியவர் நீங்கள்.

இவனுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அறந்தாங்கியில் ஏறியதுமே கண்டக்டர் பிடித்துக்கொண்டார். “தம்பி, இது லக்கேஜா, அரை டிக்கெட்டா?” என்றார். லக்கேஜ் என்றேன். “பத்து வயசு இருக்கும் போலயே, அரை டிக்கெட்டே போட்டுரவா?” என்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. லக்கேஜ்தான் அண்ணே, எனக்குத் திருச்சி, இதற்குக் கீரனூர் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கிழித்துக் கொடுத்துவிட்டு, “முக்காலி எங்க?” என்றார்.

எந்த முக்காலி என்று கேட்டேன்.

“நேத்து முக்காலியோடல்ல வந்தான் இவன்.”

கண்டக்டர்கள் இப்படி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள், பொழுது போக வேண்டுமே. நேற்று இவன் வீட்டில் இருந்தான். நான் நாள் முழுவதும் நூலகத்தில் பொது அறிவு படித்துவிட்டு சாயங்காலம் வந்தபோது அவனுடைய மூலையில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வேறு எங்கே போக்கிடம்?

நீங்கள் கீரனூர்தானே? ஏறும்போது சொன்னது காதில் விழுந்தது. கையில் சுவர்க் கடிகாரம் மாதிரி இருக்கிறது. காதுகுத்தா? நல்லது. அப்படியானால் ஒரு சின்ன உதவி கேட்கலாமா? இப்போது வேண்டாம், இறங்கும்போது கேட்கிறேன். பெரிய உதவி ஒன்றும் இல்லை.

அவன் கோட்டைப் பார்க்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீலக் கோட்டு, தங்க நிறப் பொத்தான். இந்த வெயிலில் இந்த பஸ்ஸில் கோட்டு போட்டிருப்பவன் இவன் ஒருவன்தான். இன்றைக்கு இண்டர்வியூ எனக்கு. மூன்று மணிக்கு, திருச்சி கண்டோன்மெண்டில், ஒரு மருந்து கம்பெனியின் கிளை அலுவலகத்தில். நான் பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இது எனக்கு நான்காவது இண்டர்வியூ. இதுவும் போனால், வருகிற திங்கட்கிழமை முதல் அம்மா வேலை பார்க்கும் அரிசி மில்லில் மூட்டை எண்ண வருவதாக முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னது அம்மா இல்லை, நான்தான். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மில் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அதில் நின்றுதான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் நான் உள்ளே போனால் திரும்பி வர மாட்டேன் சார். எனக்கு என்னைத் தெரியும்.

மூன்று இண்டர்வியூவும் போனதற்குக் காரணம் இவன். சிரிக்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்கு எதிரில் நியூ லைட் ரெடிமேட்ஸ் என்று ஒரு கடை இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. தாவூது ராவுத்தர் என்பவர் நடத்தினார். இவன் அந்தக் கடை வாசலில் துணி மாட்டிய பொம்மையாக நின்றவன். பப்லு என்று பெயர் வைத்தது அவர்தான். அம்மாவுக்கு மில்லில் புதன்கிழமைதான் விடுமுறை. புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு நாள்கூட நான் லீவு போடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள் என்பாள். அதனால் தீபாவளித் துணி, சீருடை எல்லாமே நான் இல்லாமல்தான் எடுப்பாள். நான் இல்லை, ஆனால் பப்லு இருந்தான். நான்காம் வகுப்பில் அவனும் நானும் ஒரே உயரம். அம்மா பப்லுவுக்குப் போட்டுப் பார்த்து வாங்கிவிடுவாள்.

நான்காம் வகுப்பில் சரியாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் நான் வளர்ந்தேன். இவன் வளரவில்லை. ஆறாம் வகுப்பிலும் அப்படியே. அம்மா அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். பப்லுவுக்குப் போட்டு, அவனுக்கு நாலு விரல் பெரிதாக இருந்தால் எனக்குச் சரி. பப்லு, கூட்டல் நாலு விரல், அதுதான் நான். ஆறாம் வகுப்பில் நாலு விரல். ஒன்பதாம் வகுப்பிலும் அதே நாலு விரல். தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்து, தம்பியின் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாயா என்று கேட்டார். எனக்குத் தம்பி இல்லை சார் என்றேன். வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. “பப்லுக்கு லொடலொடன்னு இருந்துச்சே” என்றாள்.

எல்லாக் கடையும் எனக்கு இப்படித்தான். பக்கத்தில் ஒரு செருப்புக் கடை இருந்தது, அதுவும் மூடியாகிவிட்டது. அங்கே பொம்மைக் கால் கிடையாது. அதனால் நான் தூங்கும்போது அம்மா ஒரு தென்னை ஈர்க்கை என் பாதத்தில் வைத்து அளந்து ஒடித்து எடுத்துப் போவாள். ஒரு வருஷம் பஸ் நெரிசலில் அந்த ஈர்க்கு இரண்டாக உடைந்துவிட்டது. வந்ததற்கு வெறும் கையோடு போகக்கூடாது என்று இரண்டில் பெரிய துண்டை வைத்து வாங்கி வந்தாள். அந்த வருஷம் முழுவதும் என் குதிகால் தரையில்தான் நடந்தது.

கடைகளைப் பற்றி ஞாபகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. எல்லோரும் கடையின் வாசனையைச் சொல்வார்கள், கண்ணாடியைச் சொல்வார்கள், கடைக்காரர் கொடுத்த மிட்டாயைச் சொல்வார்கள். என் ஞாபகத்தில் இருப்பது பப்லுவின் வாசனை. சட்டையைத் தலை வழியாக மாட்டும்போது பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து அடிக்கும். என் வாழ்க்கையில் எந்தப் புதுச் சட்டையும் புதிதாக வந்ததில்லை சார். அவன் போட்டுக் கழற்றியது.

ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். ஏழாம் வகுப்பு. மழைக்கு விடுமுறை விட்டார்கள், அன்றைக்குப் பார்த்துப் புதன்கிழமை. அம்மா என்னையும் அழைத்துப் போனாள். நியூ லைட்டுக்குள் போனதும் என்ன செய்தாள் தெரியுமா? என்னை ஓரமாக நிறுத்திவிட்டு நேராகப் பப்லுவிடம் போய் அவன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். ராவுத்தருக்கே பொறுக்கவில்லை. “புள்ளையே வந்திருக்கானேம்மா, அவனுக்கே போட்டுப் பாக்கலாமே” என்றார்.

“இவன் ஆடிக்கிட்டே இருப்பான் பாய். அவன்னா ஆடாம நிப்பான்” என்றாள் அம்மா. என்னிடம், “மறைக்காம தள்ளி நில்லுடா” என்றாள்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. ராவுத்தர் ஒன்றும் கேட்காமலே மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். அதில் இந்தக் கோட்டு. அம்மா பப்லுவுக்கு இதைப் போட்டுவிட்டாள். பொத்தான்களை மாட்டினாள். காலரை நீவிவிட்டாள். ராவுத்தர் போய் இன்னொரு குழல் விளக்கைப் போட்டார். அம்மா நான்கு அடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். ரொம்ப நேரம். மில் தூசி படிந்த சேலையோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி. வேறு வாடிக்கையாளர் வந்தபோது ராவுத்தர் அவர்களை அடுத்த பக்கம் கூட்டிப் போய்விட்டார். அப்புறம் அம்மா அதைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரு கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை எடுத்தாள். ராவுத்தர் பெட்டியை மறுபடி மேலே வைக்கும்போது, “அடுத்த வருசம் பாப்போம்மா” என்றார். எல்லா வருஷமும் இதுதான் நடக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீங்களே சொல்லுங்கள். பெற்ற பிள்ளை ஓரமாக நிற்கிறேன். கோட்டு அவனுக்கு. அரைக்கை எனக்கு. எந்த வீட்டிலாவது இப்படி ஓரவஞ்சனை உண்டா?

என்ன சார், திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். தூசியா? கண்ணாடியை இறக்கி விடவா?

சரி. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது நியூ லைட்டை மூடினார்கள். புதுக்கோட்டையில் நகரும் படிக்கட்டு வைத்த கடை வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் துணி எடுப்பதில்லை. கடைசி நாள் வியாழக்கிழமை. எனக்குத் தெரிந்து அம்மா மில்லுக்கு வேறு கிழமையில் போகாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பக்கத்தில் இவன், கோட்டு போட்டபடி. தெருவே வேடிக்கை பார்த்தது. கோட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாராம். பப்லுவைச் சும்மாவே கொடுத்தாராம். “இவனும் உன் புள்ள மாதிரித்தானே, நீயே வச்சுக்க” என்றாராம். பத்து வயது அளவுக் கோட்டு சார். எனக்கு அப்போது பதினேழு வயது. “எனக்கு எதுக்கும்மா இது?” என்று கேட்டேன். “உனக்குன்னு யாரு சொன்னா” என்றாள். கேட்டுக்கொண்டீர்களா? அவள் வாயாலேயே சொன்னாள்.

கடை போனது. இவன் வீட்டுக்கே வந்துவிட்டான். முன்பு வருஷத்துக்கு இரண்டு முறை நடந்தது இப்போது எல்லாப் புதன்கிழமையும் நடக்கலாம் என்று ஆயிற்று. இண்டர்வியூவுக்குச் சட்டை வேண்டும் என்றால் பப்லுவின் சட்டையை அளவுச் சட்டையாகப் பையில் போட்டுக்கொண்டு போவாள். “இதவிட நாலு விரல் பெருசா குடுங்க” என்பாள். பெரிய கடைகளில் பொம்மை இருக்கிறதே, அதற்குப் போட்டுப் பார்க்கலாமே என்று சொன்னேன். அதற்கெல்லாம் தலையே இல்லையாம். “தலை இல்லாததுக்குப் போட்டுப் பாத்தா முகத்துக்கு எடுக்குதான்னு எப்புடித் தெரியும்?” என்றாள்.

முதல் இண்டர்வியூவில் கை குலுக்க நீட்டினேன், முழுக்கைச் சட்டை முழங்கைக்கு வந்துவிட்டது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குப் பதற்றத்தில் உண்மைதான் வரும். சட்டை கொஞ்சம் சின்னது சார், மற்றபடி ஒன்றுமில்லை என்றேன். இரண்டாவதில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது முதுகில் கிழிந்தது. அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். மூன்றாவதில் கையை அசைக்காமலே உட்கார்ந்திருந்தேன். முடிவில் கேள்வி கேட்ட அம்மையார், கையில் ஏதாவது குறை இருந்தால் சான்றிதழ் இணைத்திருக்கலாமே தம்பி, சலுகை உண்டே என்று அன்பாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வந்து வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவிடம் சத்தம் போட்டேன். பப்லுவின் பக்கத்தில் போய் நின்றேன். “நல்லாப் பாரும்மா. நான் எங்க இருக்கேன், இவன் எங்க இருக்கான்” என்றேன். அவன் தலை என் நெஞ்சுக்கு வந்தது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் நெஞ்சிலிருந்து உச்சி வரை கையை விரித்து இரண்டு தரம் வைத்தாள். சமாதானப்படுத்தத் தடவிக் கொடுக்கிறாள் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன். “இந்தத் தடவை நானே வாங்கிக்கிறேன். நீ ஒண்ணும் எடுக்கக் கூடாது” என்றேன். சரிப்பா என்று மட்டும் சொன்னாள்.

நானே போனேன். புதுக்கோட்டைக் கடைக்கு. நான் போட்டிருக்கும் இந்தப் பேண்ட் நான் தேர்ந்தெடுத்ததுதான். கணுக்காலைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. இப்போது இதுதான் மோஸ்தர். கொஞ்சம் பிடிக்கிறது, அதனால்தான் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், போட்டுப் பார்க்கும் அறைக்குள் என்னால் போக முடியவில்லை. மூன்று பக்கமும் கண்ணாடி. யாரோ மூன்று பேர் என்னை இண்டர்வியூ செய்வது போல இருந்தது. வெளியே அந்தப் பையன், சைஸ் என்ன சார், சைஸ் என்ன சார் என்கிறான். எனக்கு என் சைஸ் எப்படித் தெரியும்? என் வீட்டில் எனக்கு யார் அளவெடுத்தார்கள்? மனதில் இருந்த எண் ஒன்றுதான், இவன் இடுப்பில் ஒட்டியிருந்த சீட்டில் பார்த்தது. அதைச் சொன்னேன். அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது வராது சார் என்று இரண்டு எண் கூட்டிக் கொடுத்தான். மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது.

ஆனால் நானே வாங்கியது. அது முக்கியம் இல்லையா?

அப்போதுதான் முடிவு செய்தேன், இவன் வீட்டில் இருக்கும்வரை எனக்கு வேலை கிடைக்காது என்று. அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். இதோ பாருங்கள், இவன் வலது கட்டைவிரல் உடைந்திருக்கிறது. திருச்சியில் ஒட்டித் தருகிறார்கள், இண்டர்வியூவுக்குப் போகும்போது தூக்கிப் போகிறேன் என்றேன். ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று பயந்தேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள். காலையில் அவளே கோட்டை மாட்டி எல்லாப் பொத்தானும் போட்டு அனுப்பினாள். “திருச்சியில எறங்குனதும் மொத வேலையா அவன் கோட்டக் கழட்டிரு, கசங்கிரப் போவுது” என்று மூன்று தரம் சொன்னாள். நான் இண்டர்வியூவுக்குப் போகிறேன், அவளுக்கு அவன் கோட்டு கசங்கும் கவலை.

புதுக்கோட்டையில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பார்த்தால் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள். திருச்சியில் விட்டால் இண்டர்வியூ நடத்துகிறவர்கள் கண்ணில் பட்டுவிடலாம். கீரனூரில் எங்களுக்கு யாருமே இல்லை. அதனால்தான் கீரனூர்.

இப்போது அந்த உதவி சார். நீங்கள் முதலில் இறங்குங்கள். நான் படியிலிருந்து இவனை உங்கள் கையில் கொடுக்கிறேன். நிழற்குடையில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் உங்கள் காதுகுத்துக்குப் போய்விடலாம். பார்க்கிறவர்கள் கோட்டைப் பார்த்தே மரியாதையாக எடுத்துப் போவார்கள். வேண்டுமானால் நீங்களே எடுத்துப் போங்கள். கடிகாரம் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

வந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்திருங்கள். நான் இவனைத் தூக்கிக்கொள்கிறேன்... இது என்ன சத்தம்? உங்கள் பையா? இல்லை, இவன்தான். நெஞ்சுக்குள் ஏதோ சலசலக்கிறது. காலையிலிருந்தே கொஞ்சம் பருத்திருக்கிறான் என்று பார்த்தேன், பொத்தான் போட்ட விதம் என்று நினைத்தேன்.

ஒரு நிமிஷம் சார். இந்தப் பொத்தானை மட்டும்.

கவர். நியூ லைட் கவர், கிளிப் படம் போட்டது. இதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்? உள்ளே சட்டை. வெளிர் நீலம், முழுக்கை. இது ஒரு பேண்ட். கொஞ்சம் இந்த நுனியைப் பிடியுங்கள். இடுப்பில் வைத்துப் பார்க்கிறேன். கீழே எங்கே வருகிறது? பாருங்களேன். குதிகாலா? சரியாகக் குதிகாலா?

நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன் சார். எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாள். இது கடைத் தையல் இல்லை, வெள்ளை நூல், பெரிய பெரிய தையல், அம்மாவுடையது. நாலு விரல் மடிப்பு. பிரித்தால் இன்னும் நாலு விரல் இறங்கும். எனக்கு இருபத்து மூன்று வயது சார். இன்னும் வளருவேன் என்று வைத்திருக்கிறாள்.

கண்டக்டர் அண்ணே. ஏறும்போது ஏதோ சொன்னீர்களே, நேற்று முக்காலியோடு வந்தான் என்று. யார் கொண்டுவந்தது?

கேட்டீர்களா சார்? ஒரு அம்மாவாம். ஒரு இடுப்பில் இவன், இன்னொரு கையில் முக்காலி. புதுக்கோட்டையில் இறங்கினாளாம். எதற்கம்மா முக்காலி என்று கேட்டதற்கு, இவன் அதுமேல ஏறி நின்னாத்தான் என் மவன் உசரம் வருவான் என்றாளாம். பஸ்ஸே சிரித்ததாம்.

எங்கள் அடுப்பங்கரை முக்காலி இரண்டு சாண் உயரம்.

இல்லை சார், கையை நீட்ட வேண்டாம். நீங்கள் இறங்குங்கள், பார்த்து, கடிகாரம் கம்பியில் இடிக்கும். இவன் உங்கள் இடத்தில் சாய்ந்துகொள்ளட்டும். திருச்சியில் துணி மாற்றும்போது இந்தப் பேண்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கட்டைவிரலும் ஒட்ட வேண்டும், சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணே, இவனுக்குக் கீரனூரிலிருந்து திருச்சி வரை ஒன்று போடுங்கள்.

பார்த்தீர்களா சார், மறுபடி அதையே கேட்கிறார், லக்கேஜா, அரை டிக்கெட்டா என்று.

அரை டிக்கெட் அண்ணே.